ஐந்தாறு படங்களில் ஒரு முழுக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகப் புகைப்பட தினத்தையொட்டி ஞாயிறு இணைப்பில் நீங்கள் போட்டிருந்த சிறப்புப் பக்கங்களைப் பார்த்தேன். நல்ல தேர்வு, அச்சும் நன்றாக வந்திருந்தது. போர்க்களம், காட்டுயிர், மழையில் ஓடும் தெருப் பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தன. ஆனால் அத்தனையும் ஒரே மாதிரியான படங்கள். எங்கேயோ தானாக நடந்த ஒன்றை, அது நடந்த நொடியில், ஒரே படத்தில் பிடித்தவை. அந்த நொடிக்காகக் காத்திருக்கும் பொறுமைதான் புகைப்படக் கலை என்று கட்டுரையையும் முடித்துவிட்டீர்கள். கலையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. மீதிப் பாதியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் டுவேன் மைக்கல்ஸ். அமெரிக்கர். அவருடைய பெயர் உங்கள் பக்கங்களில் எங்குமே இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அவருடைய பெயரையும் படங்களைப் பற்றிய விவரத்தையும் மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நான் கும்பகோணம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பிலிம் காலத்திலிருந்தே இதுதான் தொழில். அதனால் அவருடைய படங்களைத் தொழில் தெரிந்த ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்க்கிறேன், எழுதுவதும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் ஒரு படத்தொடரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'தற்செயல் சந்திப்பு', 1970-ல் எடுத்தது, மொத்தம் ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள். இரண்டு பக்கமும் உயரச் சுவர் எழும்பிய ஒரு சந்து. கோட் சூட் போட்ட இரண்டு ஆண்கள் எதிரெதிராக நடந்து வருகிறார்கள். நெருங்குகிறார்கள், கடக்கிறார்கள். கடந்த பிறகு ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். மற்றவரும் பார்க்கிறார், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் கதை. யார் இவர்கள், முன்பே தெரிந்தவர்களா, ஒருவரை ஒருவர் பிடித்துப்போனதா, பயமா, எங்கேயோ பார்த்த முகம் என்ற சந்தேகமா, எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் நம்மில் யாருக்கு இது நடந்ததில்லை? பேருந்து நிலையத்தில், கோயில் பிராகாரத்தில், திரும்பிப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் எதிராளி போய்விட்டிருப்பார். இந்த ஆறு படங்களில் எதையாவது ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தால் அதில் ஒன்றுமே இல்லை, ஒரு சந்தும் ஒரு ஆளும்தான். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். கதை இருப்பது மூன்றாவது படத்துக்கும் நான்காவது படத்துக்கும் நடுவில், நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். அங்கே அவர் எதையும் எடுத்து வைக்கவில்லை. அதைப் பார்க்கிறவர்தான் நிரப்புகிறார்.

இதைத்தான் நான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். இரண்டு படங்களுக்கு நடுவில் விடும் இடைவெளியை ஒரு கருவியாகவே பயன்படுத்தியவர் மைக்கல்ஸ், எந்த லென்ஸையும் விட அவருக்கு அது முக்கியமாக இருந்திருக்கிறது.

அவர் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1932-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் மக்கீஸ்போர்ட் என்ற ஊரில் பிறந்தவர். பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள இரும்பாலை ஊர் அது. அப்பா ஆலைத் தொழிலாளி. அம்மா வசதியான வீடுகளில் தங்கி வேலை பார்த்தவர், அதனால் பையன் பெரும்பாலும் பாட்டியிடம் வளர்ந்தான். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சிறுவயதில் பிட்ஸ்பர்க் கார்னகி நிறுவனத்தில் ஓவிய வகுப்புக்குப் போயிருக்கிறார். அப்புறம் டென்வர் பல்கலைக்கழகம், ராணுவத்தில் சிறிது காலம், நியூயார்க்கில் பத்திரிகை வடிவமைப்பு வேலை. கேமராவே கிடையாது. 1958-ல் சோவியத் ரஷ்யாவுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அங்கே தெருவில் கண்ட மாலுமிகளையும் பிள்ளைகளையும் சாதாரண ஜனங்களையும் நேராக நிற்க வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள்தான் அவரை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தன. புகைப்படப் பள்ளி எதிலும் படிக்காததால் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பது தனக்குத் தெரியாமல் போயிற்று, அது நல்லதாகப் போயிற்று என்பது அவருடைய எண்ணம். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஒரு விஷயம் எங்கள் தொழில்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர் ஸ்டூடியோவே வைத்துக்கொள்ளவில்லை. 'வோக்', 'எஸ்கொயர்' போன்ற பெரிய பத்திரிகைகளுக்கு வேலை செய்தவர், 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்ஸைப் படமெடுக்க அந்நாட்டு அரசு அழைத்த ஆள், 1983-ல் 'தி போலீஸ்' இசைக்குழுவின் ஆல்பம் அட்டைக்குப் படம் எடுத்தவர். அப்படிப்பட்டவர் ஆட்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே, ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறார். பத்திரிகை வேலையில் வந்த காசில் வீட்டுச் செலவு நடந்தது, கதைப் படங்களை யாருக்கும் கட்டுப்படாமல் தன் இஷ்டத்துக்கு எடுத்தார். நடிகர்கள் பெரும்பாலும் நண்பர்கள், தெரிந்தவர்கள், சில சமயம் அவரே. இடம் யாருடைய வீட்டு அறையோ, மாடிப்படியோ, சுரங்க ரயில் நிலையமோ. கேமரா 35 எம்.எம்., ஒரு ட்ரைபாட். இதைவிடக் குறைந்த சாமானோடு யாரும் கல்யாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை.

இந்தப் பாணி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கதை. 1964 வாக்கில் அவர் விடியற்காலையில் நியூயார்க்கில் சுற்றி, ஆளில்லாத இடங்களாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முடிதிருத்தும் கடை, துணி துவைக்கும் கடை, காலியான ரயில் பெட்டி இப்படி. பாரிஸ் நகரத்து வெறிச்சோடிய தெருக்களை இன்றைக்கு நூறு வருடங்களுக்கும் முன்பு எடுத்துவைத்துப்போன யூஜின் அட்ஜே என்பவரின் படங்கள் அவரை அப்படி ஆட்டிப்படைத்திருந்தன. அந்தக் காலி அறைகளைப் பார்க்கப் பார்க்க, திரை விலகி ஆட்கள் இன்னும் வராத நாடக மேடை மாதிரி அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. மேடை இருக்கிறது, அப்படியானால் ஆட்களை நாமே கொண்டுவந்து நிறுத்தினால் என்ன? அங்கிருந்துதான் படத்தொடர்கள் தொடங்கின. 1965-ல் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் கனவு போன்ற விசித்திரக் காட்சிகளை வரைந்த ஓவியர் ரெனே மாக்ரிட்டை அவர் வீட்டிலேயே சந்தித்துப் படமெடுத்தார், அந்தச் சந்திப்பும் அவரை உலுக்கியது. கண்ணால் பார்ப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்ற தைரியம் மாக்ரிட்டிடமிருந்து வந்ததாகத்தான் நான் நினைக்கிறேன்.

சரி, உத்தியைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. 1968-ல் எடுத்த 'உயிர் உடலை விட்டுப் பிரிகிறது' என்ற தொடர். ஓர் அறையில் உடல் ஒன்று கிடக்கிறது. அடுத்த படத்தில் அதற்குள்ளிருந்து கண்ணாடி மாதிரி ஓர் உருவம் எழுந்து உட்கார்கிறது, எழுந்து நிற்கிறது, நம்மை நோக்கி நடந்து வந்து கடந்து போகிறது. கடைசிப் படத்தில் மறுபடியும் உடல் மட்டும், முதல் படத்தில் இருந்த அதே கிடப்பில். இதை எப்படிச் செய்தார் என்று கேட்டால், பழைய ஸ்டூடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த டபுள் எக்ஸ்போஷர்தான். ட்ரைபாடை அசைக்காமல், பிலிமைச் சுற்றாமல், அதே ஃபிரேமில் இரண்டு தடவை எடுப்பது. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை. இரண்டுக்கும் வெளிச்சத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தால் உடம்பு பாதித் தெளிவில் நின்று பின்னால் இருக்கும் சுவர் அதற்குள் தெரியும். நாங்களும் இதைச் செய்தோம். லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, ஒரே பையன் தன்னோடு தானே கைகுலுக்குவது போல எடுத்துக் கொடுத்தோம், அதைப் பிரேம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். அது வித்தையாகவே நின்றுவிட்டது. மைக்கல்ஸ் அதே வித்தையை எடுத்து, செத்த பிறகு என்ன ஆகிறோம் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டார். இதை முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையை விட அதிகமாக மரியாதைதான் வந்தது. கருவி எங்கள் கையிலும் இருந்ததே.

இன்னொரு உத்தி, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து ஆளை அசையவிடுவது. அப்போது முகம் கலைந்துவிடும். ஸ்டூடியோவில் அப்படி வந்தால் அந்த நெகட்டிவ் குப்பைக்குத்தான் போகும். அவர் 1969-ல் எடுத்த 'மூதாட்டியிடம் மரணம் வருகிறது' தொடரில் அந்தக் கலைந்த முகம்தான் மரணம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியம்மாவை நோக்கிக் கோட் போட்ட ஆள் ஒருவர் மங்கலாக வருகிறார், கடைசியில் பாட்டியம்மாவும் கலைந்த உருவமாக எழுகிறார். பயமுறுத்தும் எந்த வேஷமும் கிடையாது. மரணம் ஒரு சாதாரண வீட்டு விருந்தாளி போல வந்து போகிறது.

பிள்ளைகளுக்குக்கூடக் காட்டக்கூடியவை இருக்கின்றன. 'பூச்சாண்டி' என்று ஒரு தொடர், 1973. ஒரு சின்னப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள், பின்னால் ஸ்டாண்டில் ஒரு பெரிய கோட் தொங்குகிறது. அது கோட்தானா என்று அவளுக்குச் சந்தேகம். எழுந்து போய்த் தூக்கிப் பார்க்கிறாள், உள்ளே யாருமில்லை. நிம்மதியாக வந்து உட்கார்ந்து தூங்கிப்போகிறாள். அதற்கப்புறம்தான் கோட்டுக்குள்ளிருந்து ஆள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான்! பெரியவர்கள் 'ஒன்றுமில்லை, நீயே பார்' என்று சொல்லிப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவோமே, அந்தச் சமாதானத்தை நம்பாத பிள்ளையின் பக்கம் நின்று எடுத்தது இது. ராத்திரி விளக்கணைத்த பிறகு கொடியில் தொங்கும் சட்டையைப் பார்த்து நடுங்கியவர்களுக்குப் புரியும்.

அதே 1973-ல் வந்த 'எல்லாம் விசித்திரம்' ஒன்பது படங்கள். முதலில் சாதாரணமான ஒரு குளியலறை. அடுத்ததில் அதே அறைக்குள் ஒரு ராட்சசக் கால். அப்படியானால் குளியலறை பொம்மை அளவா? கொஞ்சம் பின்னால் வந்தால், அந்த ஆள் இருக்கும் படமே ஒரு புத்தகத்தில் அச்சான படம், மேலே ஒரு கட்டைவிரல் தெரிகிறது. இன்னும் பின்னால் வந்தால் அந்தப் புத்தகத்தை இருட்டான ஒரு வழியில் நின்று ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பின்னால் வந்தால், அவரும் ஒரு சட்டத்துக்குள் மாட்டப்பட்ட படம், அந்தச் சட்டம் தொங்குவது எங்கே என்று பார்த்தால் முதலில் பார்த்த அதே குளியலறைச் சுவரில். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைப் பொய்யாக்குகிறது, கடைசிப் படம் முதல் படத்தில் போய் முட்டுகிறது. கம்ப்யூட்டர் கிடையாது, மாற்றி ஒட்டும் மென்பொருள் எதுவும் அப்போது பிறக்கவேயில்லை. பார்த்துப் பார்த்து அளவெடுத்துச் செய்த வேலை. இதைப் பார்க்கும் யாரும் திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து பார்க்காமல் விடமாட்டார்கள்.

எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது 1982-ல் எடுத்த 'ஊதாரி மைந்தன் திரும்பினான்'. ஐந்தே படங்கள். பைபிள் கதை எல்லோருக்கும் தெரியும், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வந்த மகனை அப்பா கட்டிக்கொண்டு விருந்து வைக்கிறார். மைக்கல்ஸின் தொடரில் விருந்து இல்லை, மாளிகை இல்லை, ஓர் அறை மட்டும். மகன் உடம்பில் துணியில்லாமல், வெட்கத்தோடு உள்ளே வருகிறான். அப்பா, அதாவது மைக்கல்ஸே, தான் போட்டிருக்கும் உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவனுக்குக் கொடுக்கிறார். கடைசியில் மகன் முழு உடையோடு நிற்கிறான், அப்பா நிர்வாணமாக நிற்கிறார், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். மகனுடைய அவமானத்தை அப்பா வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டார் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் காட்டிவிட்டார். எத்தனையோ ஓவியர்கள் வரைந்த காட்சி இது, ஆனால் துணி கைமாறுவதை வைத்து மன்னிப்பைச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. ஒரே படத்தில் இதைச் சொல்லவும் முடியாது. அப்பா உடுத்தியிருப்பதையும் பார்க்க வேண்டும், உரித்து நிற்பதையும் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மைக்கல்ஸுக்கும் அவர் அப்பாவுக்கும் நடுவில் பேச்சு அதிகமில்லை. 1960-ல் தன் குடும்பத்தை எடுத்த ஒரு படத்தின் கீழே, பதினைந்து வருடம் கழித்து 1975-ல், தன் கையெழுத்தில் சில வரிகள் எழுதிச் சேர்த்தார். ஒருநாள் உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அதில் என்ன இருக்கும் என்று சொன்னதில்லை, அதில் என்ன படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை என்பது எனக்குத் தெரியும், அப்பா இறந்துவிட்டார், கடிதம் வரவேயில்லை. இதுதான் சாரம். அதைப் படித்துவிட்டு ஊதாரி மைந்தன் படங்களைப் பார்த்தால், அங்கே அப்பா வேஷம் போட்டு நிற்பவர் எதற்காக அந்த வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லவே வேண்டாம்.

படத்தின் மேலேயே கையால் எழுதுவது அந்தக் காலத்தில் பெரிய தப்பாகப் பார்க்கப்பட்டது. படம் தானே பேச வேண்டும் என்பது சட்டம். அவர் கேட்டது வேறு கேள்வி, படத்தில் விழாதவற்றை என்ன செய்வது? 1977-ல் ஒரு படம், நியூயார்க்கில் ஒரு மதுக்கடை உள்பக்கம், ஆளே இல்லை. கீழே எழுதியிருக்கிறார்: சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, பீர் குடித்தும் தாகம் தீரவில்லை, ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரிடம் முன்னாள் அதிபர் நிக்சனைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், ஸ்டூல் விளிம்பில் ஒரு கரப்பான்பூச்சி மெதுவாகப் போயிற்று, பெட்டியில் பாட்டு ஒன்று ஆரம்பித்தது, கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது, காசு கேட்க ஒருவர் என்னை நோக்கி வர ஆரம்பித்தார், கிளம்ப வேண்டிய நேரம். இந்தப் படத்தில் இல்லாதவை இவை என்பதுதான் தலைப்பே. இதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தால் அந்த வெறும் கடை நாற்றமும் சத்தமுமாக உயிரோடு நிற்கிறது. கல்யாண ஆல்பம் போட்டுக் கொடுக்கும் எங்களுக்கு இது தினமும் தெரிகிற விஷயம். மேடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், சம்பந்திகள் அரை மணி நேரம் முன்னால் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது படத்தில் இருக்காது.

அவர் செய்த எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். எழுத்து அதிகமான சில வேலைகளில் படம் பின்னால் போய்விடுகிறது, சொல்லிக்கொடுக்கிற தொனி வந்துவிடுகிறது. 1981-ல் இயேசு நியூயார்க்குக்கு வந்தால் என்ன ஆவார் என்று ஒரு தொடர் எடுத்தார். கருத்து கனமானது, ஆனால் அதில் எனக்கு அந்தச் சந்து தொடரின் நுட்பம் கிடைக்கவில்லை. எழுத்தில்லாத தொடர்கள்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய உச்சம்.

பெரிய பிரிண்ட் போட்டுச் சுவரை நிறைப்பதும் அவருக்கு ஆகாது. தொடரில் வரும் ஒவ்வொரு படமும் பெரும்பாலும் ஐந்து அங்குல அகலம்தான், போஸ்ட்கார்டு அளவுக்கும் கொஞ்சம் சின்னது. 1970-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இந்தக் கதைப் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள், அங்கும் இந்த அளவுதான். பார்க்கிறவர் கிட்டே போய்க் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் அப்போது பார்க்க முடியாது, புத்தகம் படிப்பது போல ஒருவர் தனியாகப் பார்க்கும் அளவு. செய்தித்தாளின் இரண்டு மூன்று பத்தி அகலத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அளவைச் சொன்னேன்.

இப்போது ஒரு எதிர்ப்பு வரும், அது உங்களிடமிருந்தே வரும் என்று நினைக்கிறேன். ஆளை நிறுத்தி, இப்படி நட, அப்படித் திரும்பு என்று சொல்லி எடுத்தால் அது பொய்தானே? செய்திப் படத்தில் அப்படிச் செய்தால் அது மோசடி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. வெள்ளத்தில் நிற்கும் பாட்டியை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொல்லி எடுப்பவர் அந்த வேலைக்கே லாயக்கில்லை. ஆனால் மைக்கல்ஸ் யாரையும் ஏமாற்றவில்லை. இது நடந்தது என்று அவர் சொல்வதே இல்லை, பார்த்தவுடனே கூத்து என்று தெரிகிறது. கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவரைப் பார்த்து நீ பொய் சொல்கிறாய் என்று யாராவது கேட்பார்களா? பயம், ஆசை, சாவு, அப்பா மேல் உள்ள ஏக்கம் இதெல்லாம் தெருவில் கேமராவோடு காத்திருந்தால் வந்து சிக்குகிற விஷயங்கள் இல்லை, அவற்றை ஆள் வைத்து நடித்துக் காட்டத்தான் முடியும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரஸ்ஸான் ஒரு நொடியைத் தேடினார், அவரையும் நான் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடுகிறேன். மைக்கல்ஸ் அந்த நொடிக்கு முந்தையதையும் பிந்தையதையும் கேட்டார். இரண்டும் தேவை என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், நடிக்க வைத்து எடுப்பது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் 1858-லேயே சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் வரும் பாட்டிக் கதையை நான்கு படங்களாக ஆள் வைத்து எடுத்திருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன், கடைசிக் காலத்தில் இலங்கை மலையகத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர், வீட்டு ஆட்களுக்கும் உறவினர்களுக்கும் காவிய வேஷம் போட்டுப் படமெடுத்தவர்தான். நடுவில் ஒரு காலம், நடிப்பு என்றால் மட்டம், தானாக நடந்தால்தான் உசத்தி என்று ஆகிவிட்டது. 1960-களில் அந்த எண்ணம் உச்சத்தில் இருந்தபோது மைக்கல்ஸ் எதிர்த்திசையில் நடந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். பெங்களூருவின் கலைஞர் என். புஷ்பமாலா 1996 முதல் 1998 வரை எடுத்த 'பாண்டம் லேடி' தொடரில் தானே முகமூடிக் கதாநாயகியாக மும்பை முழுக்கச் சுற்றி ஒரு துப்பறியும் படக்கதையையே நடித்திருக்கிறார். அப்புறம் கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் பழைய படங்களையும் ஓவியங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப நடித்து எடுத்தார், அதில் வேளாங்கண்ணி மாதாவும் உண்டு, ரவிவர்மாவின் லட்சுமியும் உண்டு. சென்னையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய புகைப்படக் கண்காட்சியின் கலைப் பொறுப்பு 2019-ல் அவரிடம்தான் இருந்தது. இதைப் பற்றியும் உங்கள் பக்கங்களில் ஒரு வரி வந்திருக்கலாம்.

எங்கள் தொழிலுக்கும் இதில் சேதி இருக்கிறது. இப்போது கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடற்கரை, கோட்டை, தேயிலைத் தோட்டம் என்று போய் விடிய விடிய நடிக்க வைக்கிறோம். புகைக் குண்டு, டிரோன், வாடகை கவுன், செலவுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே சேதிதான், நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். அந்த இருவருக்கும் நிச்சயம் ஒரு கதை இருக்கும், முதலில் பெண் பார்க்கப் போனபோது யார் பேசினார், யார் பேசவில்லை, எந்த வீட்டில் இழுபறி என்று. அதை ஐந்து படமாக, ஜன்னல் வெளிச்சத்தில், அவர்கள் வீட்டிலேயே எடுக்கலாம். தொழிலுக்கு வரும் பையன்களுக்கு இதைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், பார்ப்பதற்கு மாதிரி வேண்டும் என்கிறார்கள். தமிழில் இதைப் பற்றி அச்சில் அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு பக்கம் படத்தொடருக்கு ஒதுக்குங்கள். மைக்கல்ஸின் தொடர் ஒன்றை உரிமம் வாங்கி முதலில் போட முடிந்தால் 'தற்செயல் சந்திப்பு' அல்லது 'பூச்சாண்டி'யைப் போடுங்கள், இரண்டுக்கும் விளக்கமே வேண்டாம், தலைப்பு மட்டும் போதும். ஓரத்தில் நீண்ட குறிப்பு எழுதிக் கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அப்புறம் வாசகர்களிடம் கேளுங்கள்: குறைந்தது நான்கு, அதிகம் எட்டுப் படங்கள், போனில் எடுத்ததும் சரி, வசனம் கூடாது, எடுத்த பிறகு ஒட்டி வெட்டிச் சேர்க்கக் கூடாது, நடித்து எடுத்தது என்று பக்கத்தின் மேலேயே அச்சிட்டுவிடுங்கள், செய்திப் படத்தோடு குழப்பம் வராது. படங்களை அவர்கள் அனுப்பிய வரிசையிலேயே போட வேண்டும், பக்க அமைப்புக்காக நடுவில் ஒன்றைத் தூக்கிவிட்டால் கதையே போய்விடும் என்பதை உங்கள் வடிவமைப்பாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தேர்வு செய்யும் குழுவில் புகைப்படக்காரரோடு ஒரு சிறுகதை எழுத்தாளரையும் ஒரு கூத்துக் கலைஞரையும் வையுங்கள். எங்கள் பகுதி ஸ்டூடியோக்காரர்களிடம் சொல்லி முதல் மாதத்துக்குத் தொடர்கள் வரவைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
ஒரு ஸ்டூடியோ புகைப்படக்காரர்,
கும்பகோணம்.